வாசலில் நின்ற முதலாளி

உங்கள் முதலீட்டு ஆலோசனைக் கம்பெனி மேலாளர் போன வாரம் போன் செய்து, "புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க சார்" என்றார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: பயங்கரவாதம் வெளிநாட்டு முதலீட்டை எப்படிப் பாதிக்கிறது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனிக்குக் கணக்குப் பார்த்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். வேறு யாரிடம்தான் கேட்பார்கள் என்றும் தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

உங்களிடம் முதலீடு ஏறி இறங்குகிற வரைபடம் இருக்கும். எங்கோ குண்டு வெடிக்கும், கோடு சரியும், சில மாதங்களில் மறுபடி ஏறும். சரிந்த இடத்தில் விரலை வைத்து "இங்கே முதலீட்டாளர் பயந்தார்" என்பீர்கள். இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. பணத்துக்கு ஏதப்பா பயம்? பயப்படுகிறவர் அதை அனுப்புகிற ஆள். அவரும் குண்டுக்குப் பயப்படவில்லை. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் "டிவியில அவ்வளவு காட்டினாங்களே, அப்புறமும் ஏன் அனுப்பினே?" என்று மேலே இருப்பவர் கேட்பாரே, அதற்குத்தான் பயப்படுகிறார். அனுப்பியதற்காக வேலை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அனுப்பாமல் இருந்ததற்காக யாருக்கும் வேலை போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லாப் பழியையும் குண்டின் தலையில் போடாதீர்கள். நான் சொல்லப்போவது 2008 கடைசியில் நடந்தது. அந்த வருஷம் உலகம் முழுக்க வங்கிகள் ஆட்டம் கண்டுகொண்டிருந்தன. கொடுக்கிறேன் என்று சொன்னவர்கள் எல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த நேரம் பார்த்து மும்பையில் தாக்குதல் நடந்தது, அவர்களுக்குக் கோணல் கூடம் கிடைத்துவிட்டது.

எங்கள் முதலாளி பெயர் ஹமீது. பழவேற்காட்டுக்காரர். அவர் குடும்பம் தலைமுறையாக இறாலும் கருவாடும் விற்ற குடும்பம். "மீன் விக்கிற ஊட்ல பொறந்துட்டு இரும்பு உருக்கப் போறானே, இவனுக்கு இன்னா கேடு" என்று அவருடைய சித்தப்பா கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தார். ஹமீது பாய் காதில் வாங்கவில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஃபவுண்டரி போட்டு, இரும்பை உருக்கி ஊற்றிப் பம்புக்கான வார்ப்புகள் செய்து, வட ஐரோப்பாவில் ஒரு கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பொருள் பிடித்துப்போய் அந்தக் கம்பெனியே பங்குக்கு வந்தது. இரண்டாவதாக ஒரு உலைக்கூடம் கட்டுவது, அதற்கான முதல் அவர்களுடையது, இடமும் உழைப்பும் இவருடையது என்று பேச்சு. முதல் தவணை வந்தது. அதில் அஸ்திவாரம் போட்டு இரும்புத் தூண்களை நிறுத்தினோம். கூரைக்கும் உலைக்குமான தவணை டிசம்பரில் வர வேண்டும்.

அந்தத் தூண்களுக்கு நடுவே போய் நிற்பதுதான் அப்போது ஹமீது பாய்க்குப் பொழுதுபோக்கு. மதியம் சாப்பிட்ட கையோடு போய் நின்று அண்ணாந்து பார்ப்பார். "மானத்தைப் பாத்துக்குனு இன்னா பாய் பண்றீங்க?" என்று கேட்டால், "கூரையப் பாக்குறேண்ணே" என்பார். இல்லாத கூரை. நான் கிண்டல் செய்வேன், அவரும் சிரிப்பார். பத்தாள் பிழைக்கிற இடத்தை ஐம்பதாள் பிழைக்கிற இடமாக ஆக்கிவிட வேண்டும் என்று அந்த மனிதருக்கு அப்படி ஒரு ஆசை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. மும்பைச் செய்தி டிவியில் ஓடி முடிவதற்குள் அங்கிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. நிலைமையை மறுபடி ஆராயும்வரை தவணை நிறுத்திவைக்கப்படுகிறது. ஆராய ஒருவர் நேரில் வருவார். அவர் சரி என்றால் பணம் வரும், இல்லையென்றால் பங்கு ஒப்பந்தமே ரத்து. மரியாதையான நாலு வரிதான். நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல ஹமீது பாய் மேஜைமேல் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"மும்பை எங்க கீது, கும்மிடிப்பூண்டி எங்க கீது அண்ணே?"

"அவங்களுக்கு ரெண்டும் ஒரே மேப்புதான் பாய்."

"அது சரி." பேனா உருள்வதை விரலால் நிறுத்தினார். பிறகு, "மேப்பு மட்டும் இல்ல, பேரும் ஒண்ணுதான்" என்றார்.

அந்தக் கம்பெனிக்குச் சென்னையில் ஓர் ஆலோசகர் இருந்தார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் இல்லாதவர். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களை இக்கட்டில் மாட்டிவிடப்போகிறவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான். அவர் காரில் வந்திறங்கி, ஏசியைக் கூட்டி வைக்கச் சொல்லி, இரண்டு யோசனை சொன்னார். முதலாவது, வருகிறவர் கண்ணில் பாதுகாப்பு தெரிய வேண்டும். கேட்டில் துப்பாக்கியோடு ஆள், காருக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்ப்பது, பட்டியலில் பேர் இல்லாத ஒரு ஈ, காக்கையும் உள்ளே வராதது. இரண்டாவதைச் சொல்வதற்கு முன்னால் தண்ணீர் குடித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஹமீது சார். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீங்க இல்லாம இருந்தா நல்லது. டைமிங் அப்படி. உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கலாம். சார் இருக்காரே, அவர் பேசட்டும்." சார் என்றது என்னை.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்றீங்களா?" என்றேன். சண்டைக்கே போயிருப்பேன். ஹமீது பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உடுங்கண்ணே. அவரு சொல்றது கரீட்டு. கூரை வந்தா போதும், நான் ஊட்டாண்ட இருந்துக்குறேன்."

அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கேட்பதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருந்தவர்போல் ஒத்துக்கொண்டார். அன்று பொன்னேரியில் இருக்கும் என் வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போது அதுதான் மனதைப் பிசைந்துகொண்டிருந்தது.

ஆராய வந்தவர் ஒரு பெண்மணி. இங்க்ரிட் என்று பெயர். நரைத்த முடி, தட்டையான செருப்பு, அதிகம் பேசாதவர். அவருக்காக நாங்கள் செய்த ஏற்பாட்டை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஏஜென்சியிலிருந்து இரண்டு துப்பாக்கிக்காரர்கள் வந்திருந்தார்கள், வழக்கமாக நகைக்கடை வாசலில் நிற்பவர்கள். ஒருவருடைய துப்பாக்கி வார் அறுந்துபோய் நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. எங்கள் பழைய வாட்ச்மேனைச் சட்டை வெளுத்துப்போயிருக்கிறது என்று பின்வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள். ஷிப்டுக்கு வந்த ஆட்கள், "இன்னா சார், மந்திரி வர்றாரா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்கள்.

காரை நிறுத்தி அடியில் கண்ணாடி விட்டுப் பார்த்தபோது அந்த அம்மாள் ஜன்னல் வழியாகத் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியதும் முதல் கேள்வி, "இந்தத் தொழிற்சாலைக்கு ஏதாவது மிரட்டல் வந்ததா?"

"இல்லவே இல்லை" என்றார் ஆலோசகர்.

"பின்னே இவர்கள் எதற்கு?"

"உங்கள் பாதுகாப்புக்காக."

அந்த அம்மாள் தலையசைத்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். பயப்படாதே, பயப்படாதே என்று தடியை ஓங்கிக்கொண்டு ஒருவர் சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

முதலாளி எங்கே என்று கேட்டார். காய்ச்சல் என்றார் ஆலோசகர். என்னிடம் கேட்டால் பொய் சொல்லக்கூடாது என்று மட்டும் முடிவு செய்துவைத்திருந்தேன், யாராவது கேட்க வேண்டுமே. பேப்பர்கள் பார்த்து முடித்ததும் அந்த அம்மாள், உலையிலிருந்து இரும்பு ஊற்றுவதை நேரில் பார்க்க வேண்டும் என்றார். இங்கேதான் எங்கள் பட்டறையின் வழக்கம் ஒன்று குறுக்கே வந்து நின்றது.

முன்பு ஒரு தடவை, பொருள் வாங்க வந்த ஒருவர் போட்டோ எடுக்கிற ஆசையில் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டிவிட்டார். உருகிய இரும்பு தெறித்து அவருடைய ஷூ கருகியது. கால் தப்பியது புண்ணியம். அதற்குப் பிறகு ஹமீது பாய் ஒரு சட்டம் போட்டார். வெளியாள் யார் உள்ளே நின்றாலும் அவருக்கும் உலைக்கும் நடுவில், மஞ்சள் கோட்டின்மேல், முதலாளி நிற்பார். விருந்தாளியைத் திரும்பிப் பார்ப்பார். எல்லாம் சரி என்றால் கையைத் தூக்குவார். அந்தக் கை மேலே போனால்தான் இரும்பு ஊற்றும் வாளி நகரும். தெறித்தால் முதலில் அவர்மேல் தெறிக்கட்டும் என்று கணக்கு. வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. எப்போதும் நிற்கிறவர் என்பதால் அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

உலை ஃபோர்மேன் சீனய்யா, ஆந்திர எல்லையில் தடா ஊர்ப் பக்கத்து ஆள். இரும்பு உருகிக் கொதித்துக்கொண்டிருக்கிறது. அம்மாள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிற்கிறார். சீனய்யா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பாய் எங்க சார்?"

"இன்னிக்கி வரல. நீ ஊத்து" என்றார் ஆலோசகர்.

"அது முடியாது சார். வெளியாளு நிக்கிறாங்க."

"நான் சொல்றேன்ல, ஊத்துப்பா."

"நீங்க சொல்லலாம் நைனா. கை தூக்குறது அவருதான். அந்தம்மாவ வெளிய இட்டுக்கினு போங்க, ஊத்திடுறேன்."

பார்க்க வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு எதைக் காட்டுவது? ஆலோசகருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. என் காதோரம், "நீங்க போய் நின்னு கையைத் தூக்குங்க சார், யாருக்குத் தெரியப்போவுது" என்றார். சீனய்யாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இரும்பு எப்படித் தெறிக்கும், எப்போது அசையாமல் நிற்க வேண்டும் என்று எனக்கு என்ன தெரியும்? நான் உட்கார்ந்து கூட்டிக் கழிக்கிற ஆள். உலையில் இரும்பை ரொம்ப நேரம் வைத்திருக்கவும் முடியாது, கெட்டுப்போகும். அந்த அம்மாள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்து, என்ன பிரச்சினை என்று கேட்டார்.

கேட்டுவிட்டார். நான் சொல்லிவிட்டேன். ஆலோசகர் என் சட்டையைப் பிடித்து இழுத்ததை உதறிவிட்டு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். முதலாளிக்குக் காய்ச்சல் இல்லை. அவர் பெயரைக் கேட்டால் நீங்கள் கலங்குவீர்கள் என்று அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அவர் வந்து நிற்காமல் இங்கே இரும்பு ஊற்ற மாட்டார்கள், உங்கள் பாதுகாப்புக்காக.

"நான் அப்படிக் கலங்குவேன் என்று யார் சொன்னது?"

"யாரும் சொல்லல அம்மா. உங்க சார்பா நாங்களே பயந்துட்டோம்."

அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. "கூப்பிடுங்கள்" என்றார்.

போன் போட்டேன். பழவேற்காட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் இரும்பு கெட்டுவிடுமே என்று எனக்குக் கவலை. முதல் மணியிலேயே எடுத்தார்.

"எதிர டீக்கடையிலதான் அண்ணே கீறேன். விடிகாலைல வந்து உலையப் பாத்துட்டு ஊட்டுக்குப் பாதி வழி போயிட்டேன், அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, சீனய்யா ஊத்த மாட்டானேன்னு. வந்து உக்காந்துக்குனேன். நானா கூப்புட்டா நல்லா இருக்காதே."

காலையிலிருந்து தன் தொழிற்சாலைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, யாராவது கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "வாங்க பாய், சீக்கிரம்" என்று மட்டும் சொன்னேன்.

உலை இருக்கும் கொட்டகையை ஒட்டித்தான் புதிய கூடத்தின் தூண்கள். கூரையும் கிடையாது, சுவரும் கிடையாது. அதனால் நாங்கள் நின்ற இடத்திலிருந்து தூண்களுக்கு ஊடே கேட் நேராகத் தெரிந்தது. நானும் அந்த அம்மாளும் ஷிப்டு ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்க ஹமீது பாய் ரோட்டைத் தாண்டி விறுவிறுவென்று வந்தார். கயிறு கட்டிய துப்பாக்கிக்காரர் குறுக்கே நின்றார்.

"யாரு நீங்க? பேரு இன்னா?"

"ஹமீது."

"லிஸ்ட்ல இல்ல. அப்படி நில்லுங்க."

எப்படி இருக்கும்? உடம்பு சரியில்லாதவர் பெயரை வருகிறவர் பட்டியலில் யார் எழுதுவார்கள்? ஹமீது பாய் நின்றார். இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கினார். துப்பாக்கிக்காரர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார், இடுப்பைத் தடவினார், குனிந்து காலைத் தடவினார். நான் மூச்சு இரைக்க ஓடினேன். "டேய், யாரைடா தடவுறே, மொதலாளிடா அவரு!" என்று கத்தினேன். என் வாயில் அப்படிப்பட்ட வார்த்தை வந்ததை அங்கே யாரும் முன்பு கேட்டதில்லை. துப்பாக்கிக்காரர் வெலவெலத்துப்போய்விட்டார்.

"அவர ஏன் திட்டுறீங்க? அவரு வேலைய அவரு பாக்குறாரு" என்றார் ஹமீது பாய். கையை இறக்கினார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், என்னை முந்திக்கொண்டு உள்ளே நடந்தார். மஞ்சள் கோட்டின்மேல் போய் நின்று, திரும்பி அந்த அம்மாளைப் பார்த்து, இன்னும் ஓரடி பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். வலது கையைத் தூக்கினார். சீனய்யா ஊற்றினார். அன்றைய வார்ப்பில் ஒரு குறையும் இல்லை.

போகும்போது அந்த அம்மாள் ஹமீது பாயிடம் நேராக வந்து கை கொடுத்தார். என்னைத் தனியாக அழைத்து, "வாசலில் துப்பாக்கி இருந்ததை நான் எழுதத்தான் வேண்டும். எனக்கு அதற்குத்தான் சம்பளம்" என்றார். "எழுதுங்கம்மா" என்றேன். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கு மேலேயும் ஒருவர் இருப்பார், அவரும் நாளைக்குக் கேட்பார்.

பணம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. டிசம்பரில் வர வேண்டியது அடுத்த வருஷ மழைக்காலத்துக்குத்தான் வந்தது, அதற்குள் தூண்களில் துரு ஏறிவிட்டது, சுரண்டிப் பெயிண்ட் அடித்தோம். கூரை ஏறியது, உலை எரிந்தது, புதிதாக ஆட்கள் சேர்ந்தார்கள். பணத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. காவல் நிரந்தரமாக இருக்க வேண்டும், உள்ளே வரும் ஒவ்வொருவரையும் சோதிக்க வேண்டும். பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்ல நாங்கள் வைத்த வேடம், எங்களுக்கே சட்டமாக வந்து சேர்ந்தது. உங்கள் வரைபடத்தில் அந்த வருஷம் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், பக்கத்திலேயே மேடும் இருக்கும். மீண்டுவிட்டது என்று எழுதுவீர்கள். எழுதுங்கள், தப்பில்லை.

நான் ஓய்வுபெற்ற வாரம் ஹமீது பாயோடு அதே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஷிப்டு மாறுகிற நேரம். ஒவ்வொருவராகக் கேட்டில் நின்று கையைத் தூக்கிச் சோதனை கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ரொம்ப நாளாக உள்ளே கிடந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"பாய், அன்னிக்கி அந்த ஆளு நில்லுங்கன்னுதானே சொன்னான். கையைத் தூக்கச் சொல்லலியே. நீங்களா ஏன் தூக்கினீங்க?"

அவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"அமெரிக்காவுல அந்த ரெட்டைக் கட்டடம் உழுந்ததுலர்ந்து ஏர்போர்ட் ஏர்போர்ட்டா தூக்கிக்குனுதான் அண்ணே கீறேன். பேரப் படிச்சாங்கன்னா போதும், கை தானா மேல போயிடும்." எதிரே கேட்டைக் காட்டினார். "நம்ம கேட்டாண்டயும் போவும்னு அன்னிக்கிதான் தெரிஞ்சுது."